பரணில் இருப்பது யாருடையது?

வாசகர் கேள்வி – பதில்

தவக்காலத்தை ஒட்டி இராமநாதபுரம் கடற்கரைக் கோவில் பங்குகளிலிருந்து வந்த கடிதங்களில் பல ஒரே பொருளைப் பற்றியே பேசின: வீட்டிலும் மனத்திலும் சேர்ந்துபோனவற்றைக் களைந்து, கிறிஸ்தவராக எளிமையாய் வாழ்வது எப்படி? அவற்றுள் நான்கு கடிதங்களுக்கு இந்த இதழில் விடை தருகிறேன். எழுதியவர்களின் விருப்பப்படி ஊர்ப்பெயரை மட்டுமே குறிப்பிட்டிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் வீட்டில் இரண்டு அறைகள். அவற்றுள் ஒன்றில் ஆள் படுக்க இடமில்லை. என் திருமணத்திற்கு வந்த எவர்சில்வர் குடங்களும் அண்டாக்களும் உறை பிரிக்காமலே பரணில் கிடக்கின்றன. மாமனார் காலத்து வலைகள், மிதவைகள், ஈயக்குண்டுகள் எல்லாம் மூட்டை மூட்டையாக இருக்கின்றன. பீரோவைத் திறந்தால் சேலைகள் சரிந்து விழுகின்றன. தியானத்தில் ஓர் அருள்தந்தை எளிமையைப் பற்றிப் பேசியதைக் கேட்டதிலிருந்து எல்லாவற்றையும் தூக்கி எறிந்துவிட வேண்டும் போல் இருக்கிறது. மாமியாரோ, "நாளைக்கு உதவும், ஒன்றையும் தொடாதே" என்கிறார். இவற்றை வைத்திருப்பது பாவமா? – தங்கச்சிமடம் வாசகி

பதில்: வைத்திருப்பதாலேயே ஒன்று பாவமாகிவிடுவதில்லை, சகோதரி, தூக்கி எறிவதாலேயே அது புண்ணியமாகிவிடுவதும் இல்லை. எதையும் தொடுவதற்கு முன்பு லூக்கா நற்செய்தியின் 19-ஆம் அதிகாரத்தில் வரும் சக்கேயு என்ற செல்வரான வரிதண்டுபவரைப் பாருங்கள். இயேசு தம் வீட்டிற்கு வந்த மகிழ்ச்சியில் அவர் எரிகோவின் தெருவில் எதையும் வாரிக் கொட்டவில்லை. தம் உடைமையில் பாதி ஏழைகளுக்கு என்றும், எவரையேனும் ஏமாற்றிப் பறித்திருந்தால் அவருக்கு நான்கு மடங்கு என்றும், இன்னாருக்கு இவ்வளவு என்று கணக்குச் சொன்னார். மீதியோடு அவர் அதே வீட்டில்தான் இருந்தார். அந்த வீட்டிற்குத்தான் மீட்பு உண்டாயிற்று என்று ஆண்டவர் சொன்னார். நான்காம் நூற்றாண்டில் செசரியாவின் ஆயராக இருந்த புனித பசிலியார், அறிவற்ற செல்வனின் உவமையை விளக்கும் மறையுரையில் இதையே இன்னும் கூர்மையாகச் சொல்கிறார்: நீ பூட்டி வைத்திருக்கும் அப்பம் பசித்தவனுடையது, உன் பெட்டியில் கிடக்கும் மேலாடை ஆடையற்றவனுடையது. ஆகவே ஒவ்வொரு பொருளையும் கையில் எடுக்கும்போது, "இது எனக்குத் தேவையா?" என்று கேட்பதைவிட, "இது இப்போது யாரிடம் இருக்க வேண்டியது?" என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு மனம் ஆயிரம் சாக்குச் சொல்லும். இரண்டாவது கேள்விக்குப் பெரும்பாலும் ஒரு மனிதரின் பெயர்தான் விடையாக வரும்.

உங்கள் பரணில் இருக்கும் குடங்களை எடுத்துக்கொள்வோம். வரும் மாதங்களில் தனிக்குடித்தனம் போகிற பெண் யாராவது அண்டை வீடுகள் கூடிச் செபிக்கும் உங்கள் அன்பியத்திலேயே இருப்பார். வட்டிக்குக் கடன் வாங்கிப் பாத்திரச் சீர் வைக்க ஒரு தாய் அலைந்துகொண்டிருப்பார். உறை பிரிக்காத அண்டா அவர் வீட்டிற்குப் போகட்டும். யாருக்கும் தெரியாமல் கொடுங்கள். ஞாயிறு திருப்பலி முடிந்ததும் கோவில் வாசலில் வைத்துக் கொடுக்காதீர்கள்.

சேலைகளில் ஓர் எச்சரிக்கை. கிழிந்ததையும் சாயம் போனதையும் ஏழைகளுக்கென்று ஒதுக்கி, நல்லதைத் தனக்கு வைத்துக்கொள்வது நம்மிடையே பழகிப்போன வழக்கம். குருடான ஆட்டையும் நொண்டி ஆட்டையும் பலிபீடத்திற்குக் கொண்டுவந்தவர்களை இறைவாக்கினர் மலாக்கி, "இதை உன் ஆளுநருக்குக் கொடுத்துப் பார், ஏற்றுக்கொள்வானா?" என்ற பொருளில் கடிந்துகொண்டது இதற்கும் பொருந்தும். நீங்கள் நாளைக்கே உடுத்திக்கொள்ளக் கூசாத சேலையைக் கொடுங்கள். கிழிந்தது எஞ்சின் துடைக்க ஆகும், படகுக்காரர்கள் வாங்கிக்கொள்வார்கள்.

வலைகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் நம் கரையில் பலர் செய்யும் தவறு இதில்தான் இருக்கிறது. நைலான் வலையும் தங்கூசி வலையும் மட்கிப் போவதில்லை. அவற்றைக் கரையோரத்தில் குவித்துவிட்டு வந்தால் ஒரு பெருநீர் வந்து அவற்றைக் கடலுக்குள் இழுத்துக்கொண்டு போய்விடும். போன பிறகும் அவை மீன்பிடிப்பதை நிறுத்துவதில்லை. எடுப்பார் இல்லாமலே நண்டும் மீனும் அவற்றில் மாட்டிச் சாகின்றன; மூச்சு வாங்க மேலே வரவேண்டிய ஆமை சிக்கிக்கொண்டு மூழ்கிப்போகிறது; பவளப்பாறையில் சுற்றிக்கொண்டு அலைக்கு அலை அதை அறுக்கின்றன. நமக்கும் தூத்துக்குடிக்கும் இடையே உள்ள 21 தீவுகளைச் சேர்த்து மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவாக 1986-இல் அறிவித்தார்கள் என்றால், அந்தப் பாறைகளில்தான் மீன் குஞ்சு பொரித்து வளர்கிறது என்பது அதற்கு ஒரு காரணம். நம் அறை காலியாவதற்காக அடுத்தவரின் கடலை நிரப்புவதை எளிமை என்று நான் சொல்ல மாட்டேன். மூட்டையைப் பிரித்துப் போடுங்கள். ஈயக்குண்டு எடைக்குப் போகும். மிதவையும் நல்ல கயிறும் நாட்டுப்படகுக்காரர் ஒருவருக்கு உதவும். கிழியாத பகுதிகளை வேறு வலையின் கிழிசலுக்கு வைத்துப் பின்னலாம். நைந்தவற்றில் கொஞ்சம் கோழி அடைக்கவும் கீரைப்பாத்திக்கு வேலி கட்டவும் போதும். மிஞ்சியதைக் காயலான் கடைக்காரர் எடுக்காவிட்டால் குப்பை வண்டியில் போடுங்கள். கொளுத்தாதீர்கள், அந்தப் புகை நஞ்சு.

இனி, உங்கள் மாமியார். அவருடைய வயதை நான் அறியேன். ஆனால் 1964 டிசம்பர் 22-ஆம் நாள் இரவு தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோனபோது உடுத்த துணியோடு கரையேறியவர்களும், அவர்களுக்குச் சட்டியும் பானையும் கொடுத்து வாழவைத்தவர்களும் உங்கள் பக்கத்துக் குடும்பங்களில் இருந்திருக்கிறார்கள். அந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர் ஒரு குடத்தைக்கூட விட மனம் வராமல் இருந்தால் அதைப் பேராசை என்று சொல்லிவிடாதீர்கள். அவர் பொருளையும், அவர் கணவர் விட்டுச்சென்ற பொருளையும் அவர் சம்மதம் இல்லாமல் தொட வேண்டாம். மாமனாரின் வலைகளுக்கும் இது பொருந்தும். அடுத்தவர் பொருளைத் தானம் செய்து எளியவராவது எவருக்கும் சுலபம். உங்கள் பீரோவிலிருந்து தொடங்குங்கள். உங்கள் சேலை யாருக்குப் போனது என்பதை அவர் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்.

கேள்வி: பாட்டி காலத்திலிருந்து சேர்ந்த திருப்படங்கள் உப்புக்காற்றில் முகமே தெரியாமல் உரிந்துபோயிருக்கின்றன. கை உடைந்த அந்தோணியார் சுரூபம் ஒன்று இருக்கிறது. இயேசு படம் போட்ட பழைய காலண்டர்கள், காய்ந்த குருத்தோலைகள், வேளாங்கண்ணி எண்ணெய்க் குப்பிகள், எண்ண முடியாத செபமாலைகள் என்று ஓர் அலமாரியே நிறைந்துவிட்டது. அப்புறப்படுத்தினால் ஏதாவது கெடுதல் வந்துவிடுமோ என்று வீட்டில் அஞ்சுகிறார்கள். – மூக்கையூர் வாசகர்

பதில்: கெடுதல் வராது. ஆசி பெற்ற பொருள்களை மரியாதையோடு கையாள வேண்டும், தகாத பயன்பாட்டிற்கு உட்படுத்தக் கூடாது என்றுதான் திருஅவைச் சட்டத்தின் 1171-ஆம் எண் சொல்கிறது. தனியார் கையில் இருக்கும் பொருளுக்கும் அது பொருந்தும். உடைந்ததையும் உரிந்ததையும் என்றென்றும் வைத்திருக்க வேண்டும் என்று அது கட்டளையிடவில்லை. எரியக்கூடியதை எரித்துச் சாம்பலைப் புதைப்பதும், எரியாததை மண்ணில் புதைப்பதும் நெடுங்கால வழக்கம். படத்தின் தாளை எரித்துவிடுங்கள். படத்தின் மரச்சட்டமும் கண்ணாடியும் வெறும் மரமும் கண்ணாடியும்தான். சுரூபத்தை ஆள் மிதிக்காத இடத்தில், வீட்டுக் கொல்லையில் தென்னை மூட்டின் பக்கத்தில் புதைக்கலாம். குருத்தோலையைத் திருநீற்றுப் புதனுக்கு முன்பு கோவிலில் கொடுத்துவிட்டால் அந்தச் சாம்பலே உங்கள் நெற்றிக்கு வரும். பழைய எண்ணெயை மண்ணில் ஊற்றிவிட்டுக் குப்பியைக் கழுவிக்கொள்ளுங்கள். காலண்டர் அச்சகத்திலிருந்து வந்தது, ஆசி பெற்றது அல்ல. மனம் கேட்கவில்லை என்றால் படத்தை மட்டும் வெட்டி எரித்துவிட்டு மற்றதைப் பழைய தாளோடு போடலாம். செபமாலை ஆளுக்கு ஒன்று போதும். அறுந்ததைக் கோர்த்து, மற்றவற்றோடு சேர்த்து, புதுநன்மை (முதல் நற்கருணை) வாங்கும் பிள்ளைகளுக்குக் கொடுங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள்: இவற்றையெல்லாம் ஒரு பையில் கட்டி, இருட்டிய பிறகு கெபி என்னும் குகைக் கோவிலின் காலடியில் வைத்துவிட்டு வந்துவிடாதீர்கள். பல ஊர்களில் நடப்பது இதுதான். நம் அலமாரியில் இருந்த சிக்கல் பங்குத்தந்தையின் அறைக்கு இடம் மாறுமே தவிரத் தீராது.

அலமாரியில் உண்மையாகவே களைய வேண்டியது அந்த அச்சம். ஒரு படத்தை அப்புறப்படுத்தினால் குடும்பம் கெடும் என்று நம்பினால், அந்தப் படம் நமக்குத் தாயத்தாகிவிட்டது என்று பொருள். அந்தோணியாரின் கை உடைந்ததால் அவருடைய பரிந்துரை குறைந்துவிடவில்லை. அதைப் புதைப்பதால் அவர் கோபித்துக்கொள்ளப் போவதும் இல்லை. ஒரு திருச்சிலுவையையும் நீங்கள் அதன் முன் உண்மையில் நின்று செபிக்கும் ஒரு படத்தையும் வைத்துக்கொண்டு, அந்த அலமாரியின் ஒரு தட்டில் திருவிவிலியத்தைத் திறந்து வையுங்கள்.

கேள்வி: அப்பா இறந்தபின் வல்லமும் (மீன்பிடிப் படகு) எஞ்சினும் பங்கு பிரிப்பதில் அண்ணனுக்கும் எனக்கும் சண்டை வந்தது. அதன் பிறகு பேச்சு இல்லை. மன அமைதிக்காகச் செவ்வாய்க்கிழமை அந்தோணியார் நவநாள், புதன்கிழமை சகாய மாதா நவநாள், வெள்ளிக்கிழமை உபவாசம் என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டேன். வாட்ஸ்அப்பில் பல செபக்குழுக்களில் இருக்கிறேன். கடலில் இருக்கும்போதும் யூடியூபில் பிரசங்கம் கேட்கிறேன். ஆனாலும் உள்ளம் பாரமாகவே இருக்கிறது. இன்னும் எதைச் சேர்க்க வேண்டும்? – பாம்பன் வாசகர்

பதில்: எதையும் சேர்க்க வேண்டாம், சகோதரரே. உங்கள் கடிதத்தில் அண்ணனைப் பற்றி இரண்டு வரிகள். பக்தி முயற்சிகளைப் பற்றியே மீதியெல்லாம். பாரம் அந்த இரண்டு வரிகளில் இருக்கிறது.

மத்தேயு நற்செய்தி 5-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் இதற்கு ஒரு வரிசை வகுத்துத் தந்திருக்கிறார். காணிக்கையோடு பலிபீடத்தின் முன் நிற்கும்போது உன் சகோதரனுக்கு உன்மீது மனத்தாங்கல் உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் அவனோடு நல்லுறவு ஏற்படுத்திக்கொண்டு வந்து பிறகு செலுத்து என்கிறார். உனக்கு அவன்மீது கோபம் இருந்தால் என்று அவர் சொல்லவில்லை. அவனுக்கு உன்மீது இருந்தால் என்கிறார். அப்படியானால் முதலில் செய்ய வேண்டியது ஒரு கணக்கு. அப்பா இறந்த அன்று வல்லம் என்ன விலை பெறும், எஞ்சின் என்ன விலை, கடன் எவ்வளவு இருந்தது, அதற்குப் பிறகு பழுது பார்த்த செலவை யார் கொடுத்தார்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். உங்களுக்குச் சாதகமில்லாத வரிகளையும் எழுதுங்கள். அண்ணனுக்குப் போக வேண்டியது உங்களிடம் இருப்பதாகத் தெரிந்தால், தவணையாகவாவது அதைக் கொடுக்கத் தொடங்குங்கள். அடுத்தவருடையதை அநியாயமாக வைத்திருப்பவர் அதைத் திருப்பிக் கொடுக்கக் கடமைப்பட்டவர் என்பது திருஅவையின் போதனை; ஒப்புரவு அருட்சாதனத்தில் பாவமன்னிப்புப் பெற்ற பின்பும் அந்தக் கடமை அப்படியே நிற்கும். உங்களுக்கு வர வேண்டியது அவரிடம் இருந்தால், அதில் எவ்வளவை விட்டுக்கொடுக்க உங்களால் முடியும் என்பதைப் பிள்ளைகளின் பசியையும் கணக்கில் வைத்து முடிவு செய்யுங்கள். பிறகு இருவரும் மதிக்கும் ஊர்ப் பெரியவர் ஒருவர் மூலமாகச் செய்தி அனுப்புங்கள். நேரே போய் நின்றால் பழைய வார்த்தைகள் மறுபடி வந்துவிடும் என்பதால்தான் இதைச் சொல்கிறேன். அண்ணன் முகம் கொடுக்காமலும் போகலாம். உங்களால் இயன்ற மட்டும் எல்லாரோடும் சமாதானமாக வாழுங்கள் என்றுதான் பவுலடிகள் உரோமையருக்கு எழுதினார். மற்றவரின் பங்கையும் உங்கள் தலையில் ஏற்றிக்கொள்ள அவர் சொல்லவில்லை.

கொடுக்க வேண்டியதைக் கொடுத்த பிறகும் யாருக்கும் கொடுக்க முடியாத சில மிஞ்சும்: அண்ணன் ஊரார் முன் சொன்ன ஒரு சொல், அண்ணி திருப்பிக்கொண்ட முகம். திருத்தூதர் பணிகள் 27-ஆம் அதிகாரத்தைக் கடலில் தொழில் செய்யும் நீங்கள் என்னைவிட நன்றாகப் புரிந்துகொள்வீர்கள். பவுல் போன கப்பல் புயலில் சிக்கியபோது முதலில் சரக்கை எறிந்தார்கள். மூன்றாம் நாள் கப்பலின் தளவாடங்களைத் தங்கள் கைகளாலேயே எறிந்தார்கள். கடைசியில், எல்லாரும் வயிறார உண்ட பிறகு, கோதுமையையும் கடலில் கொட்டினார்கள். கப்பலில் இருந்த 276 பேரும் பிழைத்தார்கள். உங்கள் உள்ளத்தில் கிடக்கும் அந்தச் சொற்களும் அப்படி எறியப்பட வேண்டியவைதான், ஒரே நாளில் எறிந்து முடியாது என்றாலும். ஒப்புரவு அருட்சாதனத்தில் அவற்றைப் பெயர் சொல்லி அறிக்கையிடுங்கள். "கோபப்பட்டேன் சாமி" என்று பொதுவாகச் சொல்லி எழுந்துவிட வேண்டாம். இன்ன சொல்லை இன்னமும் நினைத்து நினைத்துப் பார்க்கிறேன் என்று சொல்லுங்கள்.

பக்தி முயற்சிகளைப் பற்றி: நவநாளும் உபவாசமும் நல்லவையே. அவை திருவழிபாட்டிலிருந்து ஊற்றெடுத்து, மக்களைத் திருவழிபாட்டிற்கே இட்டுச் செல்லும்படி ஒழுங்குபடுத்தப்பட வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத்திரட்டு கூறுகிறது. ஞாயிறு திருப்பலியும் ஒரு நவநாளும் வைத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடுங்கள். வேண்டுதல் முறிந்ததாக ஆகாது. நேர்ச்சை என்று வாக்குக் கொடுத்தது ஏதும் இருந்தால் மட்டும் பங்குத்தந்தையிடம் கேட்டுக்கொள்ளுங்கள். செபக்குழுக்களில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றிலிருந்து அறிவிப்பு ஏதும் இல்லாமல் வெளியேறுங்கள். இதைப் பத்துப் பேருக்கு அனுப்பாவிட்டால் துன்பம் வரும் என்று மிரட்டும் செய்திகளை அஞ்சாமல் அழித்துவிடலாம். அவற்றை அனுப்பச் சொன்னவர் ஆண்டவர் அல்லர். கடலில் வலை விட்டுவிட்டுக் காத்திருக்கும் நேரத்தில் பிரசங்கத்தை அணைத்துவிட்டு, அண்ணன் பெயரையும் அவர் பிள்ளைகள் பெயரையும் சொல்லி ஓர் அருள்நிறை மந்திரம் சொல்லுங்கள். முதலில் நாக்கு எழாது. பரவாயில்லை, சொல்லுங்கள்.

கேள்வி: நான் பாசி எடுக்கப் போகிறவள். கணவர் விசைப்படகில் கூலிக்குப் போகிறார். எங்கள் உடைமை எல்லாம் ஒரு தகரப்பெட்டியில் அடங்கும். எளிமையாக வாழுங்கள் என்று எங்களுக்கும் ஏன் பிரசங்கம் செய்கிறார்கள்? மீன்பிடித் தடைக்காலத்துக்கு என்று கொஞ்சம் அரிசியும் பணமும் ஒதுக்கி வைப்பதுகூட, நாளையைப் பற்றிக் கவலைப்படாதே என்ற வசனத்துக்கு விரோதமா? – வேதாளை வாசகி

பதில்: உங்கள் கோபம் நியாயமானது, அம்மா. விரலில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சடக்கி, பாறையிடுக்கில் பாசி பறிப்பவரிடம் போய்ப் பொருளாசையை விடுங்கள் என்று சொல்வதற்குப் பிரசங்கம் செய்பவர் கொஞ்சம் கூச வேண்டும். உங்கள் மாவட்டத்திலேயே ஓரியூரில் 1693 பிப்ரவரி 4 அன்று தலை கொடுத்த புனித அருளானந்தர், லிஸ்பனில் அரசவைப் பிள்ளையாக வளர்ந்தவர். காவியுடுத்து, புலால் தவிர்த்து, இந்தச் சீமையில் பண்டாரசுவாமி என்னும் துறவியாக அலைந்தது அவர் தாமே தேர்ந்துகொண்ட எளிமை. போர்த்துகல் மன்னர் அங்கேயே தங்கிவிடும்படி வேண்டியும் திரும்பி வந்தாரே, அதுவும் அவர் தேர்ந்துகொண்டது. உங்கள் வறுமையை நீங்கள் தேர்ந்துகொள்ளவில்லை. இரண்டையும் ஒன்றாக்கிப் புகழ்வது ஏழைகளுக்குச் செய்யும் அநீதி. வறுமையும் வேண்டாம், செல்வமும் வேண்டாம், எனக்கு வேண்டிய உணவை மட்டும் தாரும் என்ற நீதிமொழிகள் நூலின் மன்றாட்டை நீங்கள் தாராளமாகச் சொல்லலாம்.

தடைக்காலச் சேமிப்புக்கு விடை விடுதலைப் பயணம் 16-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. மோசேயின் சொல்லை மீறி மறுநாளைக்கென்று சிலர் எடுத்து வைத்த மன்னா புழுத்து நாறியது. ஆனால் ஓய்வுநாளில் மன்னா கிடைக்காது என்பதால் ஆறாம் நாள் இரட்டிப்பாகச் சேர்த்து வைத்தது கெடவில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது என்பது முன்பே தெரிந்த ஒன்று. அந்த நாள்களுக்கு ஒதுக்கும் அரிசி ஆறாம் நாள் மன்னாவைச் சேர்ந்தது. பயறும் கருவாடும் சேர்த்தே வையுங்கள். நிவாரணப் பணம் வரும்போது வரட்டும்.

எளிமை உங்களிடம் ஏதாவது கேட்கிறது என்றால் அது ஓரிடத்தில்தான் இருக்க முடியும்: விசேஷச் செலவு. பிள்ளையின் புதுநன்மைக்கு வெள்ளைக் கவுன், முகப்பில் பிளக்ஸ், ஊருக்குப் பிரியாணி, அதற்கு மகளிர் குழுவில் ஒரு கடன், அதை அடைக்க வட்டிக்கு இன்னொரு கடன் என்று போகும் வழி உங்களுக்குத் தெரியாததன்று. இதில் தனி ஒருத்தியாக நீங்கள் பின்வாங்கினால் பிள்ளையின் முகம் வாடும், ஊரும் பேசும். ஆகவே இதைத் தனி வீட்டின் பொறுப்பாக விடாமல், அந்தக் கவுன்களைப் பங்கே ஒருமுறை தைத்து வைத்துக்கொண்டு ஆண்டுதோறும் எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். அன்றைய விருந்தைக் கோவில் வளாகத்தில் எல்லாருக்கும் ஒரே பந்தியாக வைக்கலாம். இந்தப் பக்கத்தை உங்கள் பங்குப் பேரவைக் கூட்டத்தில் வாசிக்கக் கொடுங்கள். முதலில் சம்மதிக்க வேண்டியவர்கள் வசதியுள்ள வீட்டார் என்பதையும், அவர்கள் பிள்ளைகளும் அதே கவுனைத்தான் போட வேண்டும் என்பதையும் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.